பக்கத்துக்கு நூற்றைம்பது

அஸ்தம்பட்டி கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவில்
ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், நான்.
மொழிபெயர்ப்புக்குப் பக்கத்துக்கு நூற்றைம்பது.
கிரையப் பத்திரம், விவாகரத்து,
துபாய்க்குப் போகிறவனின் பிறப்புச் சான்று
இவைதான் என் இலக்கியம்.

அட்வகேட் ஜெரால்டு கொண்டுவந்து போட்டது
இருநூற்றுப் பதினாறு பக்கம்.
ஒரு கம்பெனி, ஒரு நாட்டின் மேல்.
கொழுஞ்சிக்காட்டில் பாக்சைட் எடுக்கக் கொடுத்த உத்தரவை
சர்க்கார் ரத்து செய்துவிட்டதாம்.
தோண்டியது பதினொரு மாதம்.
கேட்பது
இன்னும் தோண்டாத இருபத்து நான்கு வருடத்தின் லாபம்.

"காய்க்காத மிளகுக்கு வெல கேக்கலாமா?"
என்றாள் சடைச்சி, வார்டு உறுப்பினர்,
முதல் பஸ்ஸில் இருபது வளைவும் இறங்கி வந்தவள்.
கேட்கலாம்.
வேறு நாட்டில் பதிவான மிளகாக இருந்தால்.

வழக்கு அஸ்தம்பட்டியில் இல்லை,
சென்னையில் இல்லை, டெல்லியிலும் இல்லை.
குளிர்நாட்டு ஊரொன்றில் வாடகைக்கு எடுத்த அறை.
மூன்று பேர்.
ஒருவர் கம்பெனி சொன்ன ஆள்,
ஒருவர் சர்க்கார் சொன்ன ஆள்,
மூன்றாமவர் அந்த இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட ஆள்.
சடைச்சி விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்து
நாலாவது விரலைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

மூவரில் ஒருவர் போன வருடம் வேறொரு கம்பெனிக்கு வக்கீல்.
இதே வாக்கியத்துக்கு இதே அர்த்தம் கேட்டு வாதாடியவர்.
அடிக்குறிப்பில் இருந்தது,
எறும்பு அளவு எழுத்தில்.

அப்பீல்?
இல்லை.
போன வாரம் இதே மேசையில்
ஒரு கிடாய்த் திருட்டின் தீர்ப்பை அடித்தேன்.
அந்தக் கிடாய்க்கு மாஜிஸ்திரேட், செஷன்ஸ், ஹைகோர்ட்.
மலைக்கு ஒரே அறை.
கதவும் சாத்தியிருக்கும்.

எண்பத்து மூன்றாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன்.
கம்பெனிக்கு ஓர் எதிர்பார்ப்பு இருந்ததாம்,
சட்டம் மதித்தாக வேண்டிய எதிர்பார்ப்பு.
'நியாயமான' என்று போட்டேன், அழித்தேன்.
'முறையான' என்று போட்டேன்.
சடைச்சியிடம் சொல்லிப் பார்த்தேன்.
"சித்திரையிலயும் ஊத்து நிக்காதுன்னு
ராத்திரியே கொடத்த வரிசையில வெச்சுட்டு
வந்து தூங்குவோம், அதுவா?"
அதுதான். அதேதான்.
ஆனால் ஒப்பந்தத்தில் தண்ணீர் ஒரே இடத்தில் வருகிறது,
மின்சாரத்துக்கும் டீசலுக்கும் அடுத்து,
'இதர இடுபொருள்கள்' என்ற தலைப்பின் கீழ்.

ஒரு வழி இருக்கிறது என்றார் ஜெரால்டு.
தரப்பாகச் சேர முடியாது.
'நீதிமன்றத்தின் நண்பர்' என்று மனுப் போடலாம்,
இருபது பக்கத்துக்குள்.
தலைப்பை அடித்து, படித்துக் காட்டினேன்.
"நண்பர்னு போடாதீங்க.
அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது."
அது சட்டச் சொல், என்றேன்.
"கீழ வர்றது என் பேருல்ல?"
அரை மணி நேரம் போனது.
ஜெரால்டு ரெண்டு டீ குடித்தார்.
கடைசியில் அந்தச் சொல்லுக்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டாள்.
பேரிலிருந்த ஒற்றைப் புள்ளி
தாளைத் துளைத்துவிட்டது.

மூன்று மாதம் கழித்துப் பதில், இரண்டு வரி.
மனுதாரரின் கவலைகளைத் தீர்ப்பாயம் மரியாதையுடன் கவனத்தில் கொண்டது.
அவை இந்த வழக்கின் எல்லைக்கு வெளியே உள்ளன.

குறைந்தது ஒரு பக்கக் கூலி என்பது என் கடை விதி.
வேண்டாம் என்றேன்.
"ஊர்ப் பணம், ரசீது போடுங்க" என்று
நூற்றைம்பதை எண்ணி வைத்தாள்.
தாளை நாலாக மடித்து மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு
அந்த ஊர் எந்தப் பக்கம் என்று கேட்டாள்.
மேற்கே, ஜூஸ் கடைப் பக்கம் கை காட்டினேன்.
"மேட்டூர் தாண்டியா?"
தாண்டி,
என்றேன்.